மேவிஸின் எண்ணெயும் கத்பர்ட்டின் மழைத்தண்ணீரும்

மேவிஸ் ஸ்டோக்கோவின் இரண்டு கைகளும், பெரிய வெங்காயத்தாள் போன்ற லீக்ஸின் இலைகளுக்குள் இருந்தன. பழைய படுக்கைவிரிப்பில் கிழித்த மெல்லிய துணி ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு இலையையும் இடது கையில் ஏந்தி, அடியிலிருந்து நுனிவரை மேல்பக்கம் ஒருமுறை, கீழ்ப்பக்கம் ஒருமுறை துடைத்துக்கொண்டே வந்தாள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவர்களுக்கு உடம்பு துடைத்துவிட்ட கை அது. மடிப்பில் ஈரம் தங்கினால் அங்கேதான் சீக்குப் பிடிக்கும் என்பதை முதியோர் இல்லத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலாவது இலையின் அடிப்புறத்தைத் துடைத்துவிட்டுத் துணியைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் தூளைத் தொட்டுத் தேய்த்ததுபோல ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு.

"நார்மன், இங்க வா. கண்ணாடியப் போட்டுட்டு வா."

அவள் கணவன் நார்மன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, தடி ரொட்டிக்குள் வைத்த பன்றி இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தான். "கண்ணாடி வீட்ல இருக்கு கண்ணு. என்ன, தங்கம் காய்ச்சிருக்கா?"

"துரு காய்ச்சிருக்கு."

நார்மன் மெல்லுவதை நிறுத்தினான். செடி கொடி எதிலும் அக்கறை இல்லாத மனிதன் அவன். ஆனால் கார்ஸ்லாவில் பிறந்தவன். வட இங்கிலாந்தில் டர்ஹம் பக்கத்து நிலக்கரிச் சுரங்க ஊர்களில் பிறந்த யாருக்கும், போட்டிக்கு வளர்க்கிற லீக்ஸில் துருநோய் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

கடையில் விற்கிற ஒல்லி லீக்ஸ் வேறு. ஊர்த் தொழிலாளர் கிளப்பில் போட்டிக்கு வைக்கிற லீக்ஸ் வேறு. வெள்ளைத் தண்டு ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது, ஆனால் பருமன் மனிதனுடைய கெண்டைக்கால் அளவுக்கு இருக்க வேண்டும். அப்படி இரண்டை, இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே அளவில் வளர்த்து, ஜோடியாக மேசையில் வைக்க வேண்டும். செப்டம்பரில் போட்டி. முதல் பரிசு குளிர்பதனப் பெட்டியோ துணி துவைக்கும் இயந்திரமோ, அந்த வருஷம் எதுவோ அது, ஜூலையிலிருந்தே கிளப் ஜன்னலில் நிற்கும். போட்டிக்கு முந்தைய வாரம் கமிட்டிக்காரர்கள் தோட்டம் தோட்டமாக வந்து, மண்ணில் நிற்கிற லீக்ஸிலேயே ஊதா மசியால் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாத லீக்ஸ் மேசை ஏறாது.

மேவிஸ் இதற்குள் வந்தது எரிச்சலில். கல்யாணமான புதிதில் நார்மன் ஊர்த் தோட்டத்தில் ஒரு துண்டு வாடகைக்கு எடுத்தான். எடுத்துவிட்டு, அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தான். களை இடுப்பளவு வளர்ந்தபோது மேவிஸ் மண்வெட்டியை எடுத்தாள். அப்புறம் கீழே வைக்கவில்லை. முதல் இரண்டு வருஷம் கிளப்பில் அவளுடைய லீக்ஸுக்கு நார்மன் பெயரில் அட்டை எழுதி வைத்தார்கள். மூன்றாவது வருஷம் அவளே தன் பெயர் எழுதிய அட்டையைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பரிசு வாங்கியிருக்கிறாள்: ஒரு மின்சாரப் போர்வை, ரொட்டி வாட்டுகிற கருவி, மறுபடியும் ரொட்டி வாட்டுகிற கருவி. மேசையின் நடுப்பகுதியைத் தாண்டி மேலே போனதே இல்லை.

இந்த வருஷம்தான் கதை வேறு. இந்த ஜோடியை நாடா வைத்து அளக்கும்போது அவளுக்கே மூச்சு அடைத்தது. பக்கத்துத் துண்டில் கத்பர்ட் நாட்ரஸ் வைத்திருந்த ஜோடி ஒன்றுதான் அதற்குச் சமமாக நின்றது. பத்து வருஷத்தில் ஏழு தடவை முதல் பரிசு வாங்கியவர் அவர்.

துருநோய்க்கு வீட்டுத்தோட்டக்காரர்கள் அடிக்கக்கூடிய மருந்து எதுவும் அப்போது கடையில் இல்லை. பிடித்த இலையை அறுத்து எரிப்பார்கள். அறுக்க அறுக்கச் செடிக்கு உணவு தயாரிக்க இலை இல்லாமல் தண்டு பருப்பது நின்றுபோகும்.

மேவிஸ் அறுக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து யோசித்தாள்.

"துருன்னா பூஞ்சைதானே?" என்றாள்.

"என்னைக் கேட்டா?" என்றான் நார்மன்.

"இல்லத்துல ஹெதரிங்டன் கிழவருக்குக் கால் விரலிடுக்குல சேத்துப்புண் வந்துச்சே, அதுவும் பூஞ்சைதான். டாக்டர் கொடுத்த களிம்பு எதுக்கும் மசியல. நான்தான் தைம் எண்ணெயச் சமையல் எண்ணெயில கலந்து ராத்திரி ராத்திரி தடவினேன். கிறிஸ்துமஸுக்குள்ள காஞ்சு போச்சு."

"அவரு கால்ல இலை முளைக்கலையே."

"விரலிடுக்கா இருந்தா என்ன, இலையிடுக்கா இருந்தா என்ன?"

இது அவள் மூளையில் மட்டும் உதித்த யோசனையும் அல்ல. நகரத்து விதைக்கடைக்காரர் ஒருமுறை பேச்சுவாக்கில், கடலுக்கு அந்தப் பக்கம் திராட்சைக்கும் ஆப்பிளுக்கும் செடி எண்ணெய்களைத் தெளிக்கிறார்கள், பூஞ்சை அண்டுவதில்லை என்று சொல்லியிருந்தார். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

கோழிக்குள் அடைத்துச் சுடுகிற தைம் இலையின் எண்ணெய் மருந்துக்கடையில் ஒரு சின்னப் புட்டி வாங்கினாள். வயலெல்லாம் மஞ்சளாகப் பூக்கிற, கடுகு இனத்து ரேப்சீட் செடியின் எண்ணெய் சமையலறையில் இருந்தது. இரண்டையும் தண்ணீரில் விட்டுக் குலுக்கினாள். எண்ணெய் தண்ணீரோடு சேருமா? மேலே ஏறி நின்றுகொண்டது. அதைப் போட்டிக்கு ஆகாத ஒரு சோம்பல் லீக்ஸின்மேல் தெளித்துப் பார்த்தாள். எண்ணெய் தனியாகச் சொட்டிய இடமெல்லாம் மறுநாள் சிகரெட்டால் சுட்டதுபோல ஓட்டை. புது மருந்தை முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கிற பழக்கம் அவளைக் காப்பாற்றியது. அடுத்த தடவை, கேக் மாவு அடிக்கிற கருவியை எடுத்து, மென்மையான சோப்போடு எண்ணெயை முதலில் பால் மாதிரி வெளுக்கும்வரை அடித்தாள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். இப்போது கலந்தது. தைமைச் சொட்டுக் கணக்கில் குறைத்தாள். சோம்பல் லீக்ஸ் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு, ஜோடியின் வெள்ளைத் தண்டுகளை மழைக்கோட்டுத் துணியால் இறுக்கிச் சுற்றினாள். வெள்ளையில் எண்ணெய் பட்டால் மெருகேற்றிவிட்டாள் என்று சொல்லி மேசையிலிருந்து எறிந்துவிடுவார்கள். பிறகு இலைகளின் இரண்டு பக்கமும் பூத்தூறலாகத் தெளித்தாள். ஓமத்தைக் கையில் கசக்கியதுபோல ஒரு காரமான வாசனை தோட்டம் முழுக்கப் பரவியது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆல்ஃபி டென்ட் எட்டிப் பார்த்தான். கிளப்பில் பாதிப் பேருக்கு வாயும் மீதிப் பேருக்குக் காதும் அவன்தான். "என்ன மேவிஸ், ஞாயித்துக்கிழமைக் கோழியா? அடுப்புல வைக்க மறந்துட்டியே."

"உன்ன வைக்கணும். மேல போ."

சில நாளில் ஆரஞ்சுப் புள்ளிகள் பொருக்குத் தட்டின. துணியால் துடைத்தால் தூள் வரவில்லை. புது இலையில் ஒரு புள்ளிகூட இல்லை. மேவிஸ் அப்படியே மண்ணில் மண்டியிட்டுக்கொண்டு ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் முதல் இலையிலிருந்து பார்த்தாள். ராத்திரி சாப்பாட்டில் நார்மனுக்கு உருளைக்கிழங்கு வைக்க மறந்துபோனாள்.

"நின்னுடுச்சு நார்மன். நின்னே போச்சு."

"சரி கண்ணு. கிழங்கு?"

அந்தச் சந்தோஷத்தோடு மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனவள், வேலியோரம் நின்றுவிட்டாள். கத்பர்ட்டின் லீக்ஸில், தரையை ஒட்டிய இலைகளில், ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய் ஒரு கிளாஸ் ஷெர்ரி குடித்திருப்பார்கள். முதல் பரிசு தானாக நடந்து வருகிறது. மேவிஸ் நினைத்தது வேறு. ஒரு வார்டில் ஒரு கட்டிலுக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலை விட்டுவைத்தால் சீக்கு ஒழியுமா? காற்று அடிக்கிற பக்கம் அவளுடைய பக்கம். அங்கே துரு இருக்கிறவரை இங்கேயும் வரும். வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

கத்பர்ட் நாட்ரஸ் சுரங்கத்தில் மேற்பார்வை பார்த்த மனிதர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. தோட்டத்துக்கே கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வருவார்.

"கத்பர்ட், உங்க இலையில துரு."

"துரு இல்ல. பூந்தாது."

"எங்கேயும் ஒண்ணும் பூக்கலையே. பூந்தாது எங்கிருந்து வந்துச்சு?"

"காத்துல."

"துருவும் காத்துலதான் வரும். இன்னிக்கு உங்ககிட்ட, நாளைக்கு என்கிட்ட. அதான் வந்தேன். உங்க மேல பாசம் பொங்கி வரல."

கத்பர்ட் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "அந்தக் கோழி மசாலாவ என் செடி மேல அடிக்கணுங்கிற."

"என்னோடத வந்து பாருங்க. பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இலையைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அடிப்பக்கத்தையும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. அவருடைய ஜோடியை அந்த வருஷம் அவர் எப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தார் என்று மேவிஸுக்குத் தெரியும். இரண்டு வாரமாக நாற்காலி போட்டு அதன் பக்கத்திலேயே தூங்குகிறவர்.

"எப்ப அடிப்ப?" என்றார்.

"இன்னிக்கு வெயில் இறங்கினதும். ஆனா ஒண்ணு சொல்லுங்க. இதுக்கு முன்னாடி வேற என்ன போட்டீங்க? தூளோ தண்ணியோ மருந்தோ, எதுவா இருந்தாலும் சரி."

"மழைத்தண்ணி."

"அது மட்டுமா?"

"மழைத்தண்ணி மட்டுந்தான் பொண்ணே. வெறும் மழைத்தண்ணி."

கார்ஸ்லாவில் லீக்ஸ் வளர்க்கிற எவரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். தோட்டத்தில் என்ன போடுகிறான் என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டான். ராத்திரி வாளியை மூடி எடுத்துவருவான். மேவிஸுக்கு இது தெரியாததா? மாத்திரை ஏதும் போட்டீர்களா என்றால் இல்லவே இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தலையணைக்கு அடியில் புட்டி வைத்திருந்தவர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் தலையணையைத் தூக்கிப் பார்ப்பாள். இந்தமுறை பார்க்கவில்லை. துரு ஓடுகிற வேகத்தைப் பார்த்து அவளும் அவசரப்பட்டுவிட்டாள்.

தெளித்தாள். அவருடையது முடிந்ததும் தன்னுடையதற்கும் இன்னொரு தடவை அடித்தாள். அடுத்த இரண்டு நாளும் அந்த ஊர் ஆகஸ்டுக்கே பொருந்தாத வெயில் அடித்தது.

வெள்ளிக்கிழமை காலை கத்பர்ட்டின் லீக்ஸ் இலைகள் நுனியிலிருந்து பாதிவரை காகிதம்போல வெளுத்து, ஓரம் சுருண்டு தொங்கின. வேலிக்கு இந்தப் பக்கம், அதே புட்டியிலிருந்து, அதே சாயங்காலம் தெளித்த மேவிஸின் ஜோடி பச்சையாக நின்றது.

ஒன்பது மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் லீக்ஸை நாசம் பண்ணுவது சின்னக் குற்றமில்லை. எப்போதோ ஒரு வருஷம் ஒருவனுடைய லீக்ஸை யாரோ ராத்திரியில் கத்தியால் கிழித்தார்கள். சந்தேகப்பட்ட குடும்பத்தோடு இன்றுவரை அந்தத் தெருவில் யாரும் பேசுவதில்லை. ரொட்டிக்கடையில் மேவிஸ் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

போட்டிச் செயலாளர் ரெஜ் பெல் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார். "மேவிஸ், ராத்திரி ஏழு மணிக்குக் கமிட்டி. நாளைக்குக் காலைல முத்திரை. அதுக்குள்ள இது தீரணும். தீரலைன்னா உன் தோட்டத்துக்கு முத்திரை வராது."

"நான் வேணும்னு செஞ்சேன்னு நினைக்கிறியா ரெஜ்?"

"நான் என்ன நினைக்கிறேங்கிறது பேச்சில்ல. அவரோடது கருகிடுச்சு. உன்னோடது கருகல. ரெண்டுக்கும் ஊத்தினது நீ."

அவர் போனதும் மேவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். ஒரே மருந்து, ஒரே வேளை, இரண்டு நோயாளிகள். ஒருவர் தேறுகிறார், ஒருவர் கொப்புளம் போடுகிறார் என்றால், இரண்டாமவர் உள்ளே வேறு எதையோ விழுங்கியிருக்கிறார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. என்ன என்பதுதான் கேள்வி.

கத்பர்ட் கருகிய ஜோடியின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேவிஸ் அவரைக் கேட்காமல் குனிந்து, இலை தண்டோடு சேருகிற இடுக்கில் துணியை விட்டுத் துடைத்தாள். துணியில் வெளிறிய மஞ்சளாக நைஸான தூள். மோந்து பார்த்தாள். தீக்குச்சிப் பெட்டி வாசனை.

"கந்தகம்," என்றாள். "கந்தகத்துக்கு மேல எண்ணெய் பட்டா வெயில்ல சுட்டுடும் கத்பர்ட். கேட்டேனே நான். வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த மாசம் பூரா நான் கிட்டயே வந்திருக்க மாட்டேன்."

கத்பர்ட் தோட்டத்தைப் பார்த்தபடியே இருந்தார். "மழைத்தண்ணி," என்றார்.

"ராத்திரி கமிட்டியில சொல்லுவீங்களா?"

கத்பர்ட் எழுந்து நாற்காலியை மடக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

அவளே சொல்லலாமே என்று நார்மன் வீட்டில் கேட்டான். அது நடக்காது. அடுத்தவர் தோட்டத்து ரகசியத்தை வெளியே சொல்வது அங்கே கத்தி எடுப்பதற்கு அடுத்த படி. சொன்னாலும் யார் நம்புவார்கள்? தூளை நீயே தூவியிருப்பாய் என்பார்கள். அவர் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு.

கிளப்பின் பின்பக்கக் கூடம் அன்றைக்கு நிரம்பியிருந்தது. கமிட்டி ஏழு பேர்தான், வந்திருந்தவர்கள் அறுபது பேருக்குக் குறையாது. புகை, பியர், வியர்வை வாசனை. கத்பர்ட் முன்வரிசையில் கிளாஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ரெஜ் மணியை அடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். பிறகு, "மேவிஸ், நீ சொல்லு," என்றார்.

மேவிஸ் எழுந்தாள். கைகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நான் அவர்கிட்ட என்ன போட்டீங்கன்னு கேட்டேன். வெறும் மழைத்தண்ணின்னார். சரி, அப்படியே இருக்கட்டும். அவரோட பீப்பாயிலேர்ந்து அந்த மழைத்தண்ணிய எடுத்துட்டு வாங்க. போட்டிக்கு வச்சிருக்கிற என் ஜோடிக்கு, எல்லாரும் பார்க்க, அத ஊத்துறேன். அதுக்கு மேல அதே எண்ணெய அடிக்கிறேன். வெயில்ல வைங்க. கருகிடுச்சுன்னா என் எண்ணெய் விஷம், முத்திரையும் வேணாம் ஒண்ணும் வேணாம், நான் எந்திரிச்சுப் போறேன்."

கூடத்தில் சலசலப்பு. சொந்த ஜோடியையே பணயம் வைக்கிறாள் என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது.

"அதுக்கு ரெண்டு நாள் ஆகும்," என்றார் ரெஜ். "முத்திரை நாளைக்கு."

"தள்ளி வை."

"சுரங்கத்துல வேலைநிறுத்தம் நடந்த வருஷமே தள்ளி வைக்கல."

அப்போது நடுவரிசையிலிருந்து ஆல்ஃபி டென்ட் எழுந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "சோதனையே வேண்டாம்பா. மேவிஸோட எண்ணெய்ல தப்பில்ல. நானே மருந்துக்கடையில ஒரு புட்டி வாங்கி, இன்னிக்குச் சாயங்காலம் என் லீக்ஸுக்கு அடிச்சுட்டுத்தான் வரேன். வாசனை மூக்கைத் துளைக்குது. நாளைக்கு எல்லாரும் வந்து பாருங்க, எப்படி நிக்குதுன்னு."

"களவாணிப் பய," என்றான் பக்கத்திலிருந்தவன். சிரிப்பு எழுந்தது.

கத்பர்ட் சிரிக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினார். "ஆல்ஃபி. நீ கந்தகம் போடுறவனா?"

"நான் என்ன போடுறேன்னு உனக்கு எதுக்கு?"

"போடுறவனா இல்லையா, சொல்றா."

"மழைத்தண்ணிதான் போடுறேன், உன்ன மாதிரியே," என்றான் ஆல்ஃபி.

கத்பர்ட் எழுந்து நின்றார். அந்த முகம் சிவப்பேறி, கழுத்துப்பட்டைக்கு மேலே நரம்பு புடைத்தது. "என்னை மாதிரின்னா செத்தடா. நான் கந்தகம் போடுறேன். முப்பது வருஷமா போடுறேன். ஜூன்ல ஒரு தடவை, ஆகஸ்டுல ஒரு தடவை, பனி இருக்கிறப்போ பழைய காலுறையில கட்டித் தட்டுவேன். அது மேல இவளோட எண்ணெய் விழுந்துதான் எனக்கு எரிஞ்சுது. இந்தப் பொண்ணு என்ன போட்டீங்கன்னு கேட்டா. நான் பொய் சொன்னேன். நீ போட்டிருந்தா, இப்பவே எழுந்து ஓடு. வெயில் ஏறுறதுக்குள்ள கழுவணும்."

ஆல்ஃபியின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மெதுவாக, "ஐயோ, செவ்வாய்க்கிழமைதானே தூவினேன்," என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஊர் இதற்குமுன் பார்த்ததில்லை. கத்பர்ட் நாட்ரஸின் ரகசியம் வெளியே வந்துவிட்டது. முப்பது வருஷமாக ஒவ்வொருவனும் யூகித்து, எட்டிப் பார்த்து, அவர் குப்பையைக்கூடக் கிளறிப் பார்த்தும் கிடைக்காதது. "காலுறையிலயா கட்டுவ?" என்று ஒருவன் பின்வரிசையிலிருந்து நாற்காலிமேல் ஏறிக் கேட்டான். "கந்தகம்னா நானும்தானே போடுறேன், எனக்கு ஏன் அந்தப் பருமன் வரல?" என்றான் இன்னொருவன். "நீ தண்ணிக்குப் பதிலா பியர் ஊத்துற, எல்லாருக்கும் தெரியும்." "பியர் இல்ல, பழுப்பு ஏல், ஒசத்திச் சரக்கு. அதுவும் மீதி இருந்தாத்தான்." "எங்க அப்பா ஆட்டுப் புழுக்கைய மூட்டையில கட்டி ஊறவைப்பாரு." "நான் எங்க வீட்டுக்காரி முடி வெட்டினா அத—" "அத மட்டும் சொல்லாத, வேணாம்." சொல்லச் சொல்ல ஒருவனை முந்தி ஒருவன் சொன்னான். ரெஜ் மணியை அடித்தார், அடித்துக்கொண்டே, தான் முட்டையோட்டைப் பொடிசெய்து போடுவதாகவும் சொல்லிவிட்டார்.

மேவிஸ் ஒரு நாற்காலியின்மேல் ஏறினாள். முதியோர் இல்லத்தில் இரண்டு மாடிக்குக் கேட்கிற குரல் அவளுக்கு உண்டு.

"கந்தகம் போட்டவங்க கையத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. பாதிக் கூடம்.

"அதுக்கு மேல தைம் எண்ணெய் அடிச்சவங்க மட்டும் இறக்காதீங்க."

ஆல்ஃபியோடு சேர்த்து எட்டுக் கைகள் நின்றன. களவாணி என்று சொன்னவனுடைய கையும் அதில் ஒன்று. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. மருந்துக்கடையில் அந்த வாரம் தைம் எண்ணெய் தீர்ந்துபோன காரணம் அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

"காலைல விடியும்போது வாளி, பஞ்சு, மென்மையான சோப்பு எடுத்துட்டுத் தோட்டத்துக்கு வாங்க," என்றாள். "வெந்நீர் கொண்டுவராதீங்க. யாரும் தானா ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் சொல்ற மாதிரி."

ரெஜ் கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி கையை உயர்த்தியது. ஒருவர்கூட விடவில்லை. "முத்திரை உண்டு," என்றார்.

மேவிஸ் நாற்காலியிலிருந்து இறங்கும்போது கத்பர்ட் கை கொடுத்தார். "கருகினது கருகினதுதான், இல்லையா?" என்றார்.

"இலை கருகினது. வெள்ளை நல்லா இருக்கு. காலைல வாங்க."

மறுநாள் விடியும்போது புல்லில் ஈரம் சொட்டியது. குழாயடியில் ஆண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். சிலர் படுக்கை உடையின் மேலேயே கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மேவிஸ் பாத்தி பாத்தியாக நடந்தாள். "அடியிலேர்ந்து நுனிக்கு. தேய்க்காத, ஒத்தி எடு. இடுக்கு, இடுக்க விட்டுட்ட பாரு. சோப்புத் தண்ணி நின்னா அதுவே புண்ணு பண்ணும், நல்ல தண்ணியில அலசு." ஆல்ஃபி மண்டியிட்டு, வாய் பேசாமல் ஒவ்வொரு இலையாகக் கழுவினான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை யாரும் கண்டதில்லை.

வெயில் வேலியைத் தொடுவதற்குள் எட்டுத் தோட்டமும் முடிந்தது. ரெஜ் முத்திரைக் கட்டையும் மசிப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் மேவிஸின் துண்டுக்குப் போனார். குனிந்து, வெள்ளைத் தண்டின் கழுத்தில், இடப்பக்கத்து லீக்ஸில் ஒன்று, வலப்பக்கத்தில் ஒன்று, ஊதா வட்டம் பதித்தார். மேவிஸ் குனிந்து பார்த்தாள். மசி சொட்டாமல் சுத்தமாகப் பதிந்திருந்தது. நார்மன் தன்னை அறியாமல் கை தட்டினான்.

அடுத்தது கத்பர்ட். தொங்குகிற இலைகளைப் பார்த்து ரெஜ் தயங்கினார்.

"குத்து," என்றார் கத்பர்ட். "மேசையில அளக்கறது வெள்ளையத்தான்."

ரெஜ் குத்தினார். மேவிஸ் கண்ணாலேயே அந்த வெள்ளையை அளந்தாள். தன்னுடையதைவிட ஒரு நூல் பருமன் அதிகம். கருகிய இலைக்குப் புள்ளி குறைப்பார்கள். அதில் யார் முந்துவார்கள் என்று போட்டி மேசையில்தான் தெரியும்.

"இலையத் தூக்கிப் பிடிங்க கத்பர்ட்," என்றாள். "இல்ல, ரெண்டு கையாலயும். அடியில இன்னும் மஞ்சள் நிக்குது."

கத்பர்ட் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். மேவிஸ் பஞ்சை நனைத்துப் பிழிந்து, இடுக்கில் விட்டுத் துடைத்தாள்.